ஏழடிச் சுவரில் கூடுதலாக ஒரு பலகை

என் சம்பந்தி நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். போகப் போக எழுத மனம் வராமல் போகலாம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஆறாவது வரைதான் படித்தேன். என் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் தினமும் பூமிக்குள் இறங்கியவர். நான் பதினாறு வயதில் பெங்களூருக்கு வந்து மேலே ஏற ஆரம்பித்தேன். சவுக்குக் கம்பும் கயிறும் வைத்துக் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிற வேலை. எட்டாவது மாடி உயரத்தில் ஒற்றைக் கம்பின் மேல் நின்று பீடி பற்ற வைத்திருக்கிறேன். கீழே இருந்து பார்த்தவர்களுக்குத்தான் கால் கூசும். பிறகு இரும்புக் குழாய் வந்தது. நான் கூலியாக இருந்தவன் மேஸ்திரி ஆனேன், மேஸ்திரியாக இருந்தவன் குழாய் வாங்கி வாடகைக்கு விட்டேன். இன்று ஹென்னூர் பக்கம் எனக்குச் சொந்த யார்டு இருக்கிறது. குழாய், குழாய்களை இணைத்து முறுக்குகிற கிளாம்ப், பலகை எல்லாம் மலை மாதிரி கிடக்கும். அல்சூரில் மூன்று மாடி வீடு கட்டினேன். அதற்குச் சாரம் யார் கட்டினார்கள் என்று கேட்கவே வேண்டாம். இந்த ஊரில் நாற்பது வருடத்தில் எழும்பிய உயரமான கட்டடங்களில் பாதிக்கு என் சாரத்தின் தழும்பு இருக்கும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகத்தான் சொல்கிறேன், அதில் என்ன தப்பு?

இத்தனை இருந்தும் ஒரு மனிதரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. அதுவும் ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று வருடம்.

எனக்கு ஒரே மகன். அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனைக் கூட்டிக்கொண்டு சிவாஜிநகருக்குக் கறி வாங்கப் போவேன். முதலில் சைக்கிளின் முன்கம்பியில் உட்காருவான், பிறகு ஸ்கூட்டரில் பின்னால், பிறகு அவன் காரில் நான் பக்கத்தில். எந்த ஆடு, எந்தப் பக்கம், எத்தனை துண்டு என்று நான் சொல்லச் சொல்ல அவன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். வரும் வழியில் ஒரு டீ. அவன் என்ஜினீயர் ஆகி, கண்ணாடிக் கட்டட ஆபீஸில் வேலைக்குப் போன பிறகும் அது நிற்கவில்லை. வாரம் முழுக்க எனக்கும் அவனுக்கும் பேச நேரமிருக்காது. ஞாயிறு காலை மட்டும் அவன் என்னுடையவன்.

அவனுக்குக் கல்யாணம் ஆனது. மருமகள் தங்கமான பெண். அவளுடைய அப்பாதான் நான் சொல்லும் சம்பந்தி. காக்ஸ் டவுனில் பழைய ஓட்டு வீடு, முன்னால் ரோஜாத் தொட்டிகள். வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். மெதுவாகப் பேசுவார், இங்கிலீஷில் பேசினாலும் தமிழில் பேசினாலும் ஒரே நிதானம். ஓய்வு பெற்றவர் என்ன செய்ய வேண்டும்? பேப்பர் படிக்கலாம், ரோஜாவுக்குத் தண்ணீர் ஊற்றலாம். இவர் ஓட ஆரம்பித்தார். முதலில் அல்சூர் ஏரியைச் சுற்றி. அதுவும் போதவில்லை என்று தடை ஓட்டத்துக்குப் போக ஆரம்பித்தார்.

தடை ஓட்டம் என்றால் என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. ஊருக்கு வெளியே ஏதாவது ஒரு தோப்பில் வழி போட்டு, வழியெல்லாம் தடை வைத்திருப்பார்கள். சேற்றுக் குழியில் இறங்க வேண்டும், முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்து போக வேண்டும், மணல் மூட்டை சுமக்க வேண்டும், கயிறு பிடித்து ஏற வேண்டும், சுவர் தாண்ட வேண்டும். முடிவில் கழுத்தில் ஒரு மெடல் மாட்டுவார்கள். இதற்குக் காசு கொடுத்துப் பெயர் பதிவு செய்ய வேண்டுமாம். நான் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுக்கச் சிரித்தேன்.

"காசு குடுத்து மூட்டை தூக்குறாங்களா? நம்ம சைட்டுக்கு அனுப்பு, நான் அவங்களுக்குக் காசு தரேன்" என்றேன் மனைவியிடம்.

"சிரிங்க, சிரிங்க. அவர் வயித்தப் பாருங்க, உங்க வயித்தப் பாருங்க" என்றாள் அவள்.

அத்தோடு என் சிரிப்பு நின்றது. அடுத்த மாதமே என் மகனும் மாமனாருடன் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தான். பயிற்சி எப்போது? ஞாயிற்றுக்கிழமை காலை.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் நீங்களே போயிட்டு வந்துடுங்க. மாமா ஏரிகிட்ட வெயிட் பண்றாரு" என்றான். அந்த ஒரு நாள் பிறகு எல்லா ஞாயிறுமாக ஆனது.

நான் ஆட்டோவில் போய்க் கறி வாங்கினேன். கடைக்காரர் முப்பது வருடப் பழக்கம். "என்னண்ணா, பையன் வரலியா?" என்பார். "ஆபீஸ்ல வேலை பாய்" என்பேன். மூன்றாவது வாரம் அவர் கத்தியை நிறுத்திவிட்டு, "ஞாயித்துக்கெழம கூடவா? என்னா ஆபீஸ்ணா அது, நம்ம கசாப்புக்கடை மாதிரி?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பையின் காதைப் பிடித்திருந்த கைக்குத்தான் தெரியும் எவ்வளவு சிரித்தேன் என்று.

முதல் ஓட்டம் முடித்து வந்தபோது மகன் ஒரு படம் கொண்டுவந்து எங்கள் ஹாலில் மாட்டினான். அவனும் சம்பந்தியும் தலை முதல் கால் வரை சேறு பூசி, தோளில் தோள் போட்டு, பல் மட்டும் வெள்ளையாகச் சிரிக்கிறார்கள். அது எங்கே மாட்டப்பட்டது என்றால், வியாபாரிகள் சங்கத்தில் எனக்குச் சால்வை போட்ட படத்துக்குப் பக்கத்தில். மாமனாருடையதையும் கேட்டு வாங்கி வந்து, இரண்டு மெடலையும் அதே ஆணியில் தொங்கவிட்டான். என் தங்கை கோலாரிலிருந்து போன் செய்தாள். "அண்ணே, போட்டோ அனுப்பியிருந்தானே, பாத்தேன். ரெண்டு பேரும் அப்பனும் புள்ளையும் மாதிரியே இருக்காங்க." அவள் வெள்ளை மனதோடுதான் சொன்னாள். "சிக்னல் சரியில்ல" என்று நான் வைத்துவிட்டேன்.

ஒரு நாள் மதியம் சம்பந்தி வீட்டில் சாப்பாடு. அவர் தன் உள்ளங்கையைக் காட்டினார். சிவந்து, தோல் தடித்து, காப்புக் காய்த்திருந்தது.

"முப்பத்தஞ்சு வருஷம் இது கையெழுத்து மட்டும் போட்ட கை சம்பந்தி. முதல் தடவ கயித்த புடிச்சு ஏறினப்பதான் இது கைன்னே எனக்குத் தெரிஞ்சுது" என்றார். கண் பளபளத்தது.

என் மகன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் என் கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். என் கையில் பதினாறு வயதிலிருந்து காப்பு இருக்கிறது. இது கை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அதற்கு யாரும் மெடல் தரவில்லை, யாரும் வாய் பிளந்து பார்க்கவுமில்லை.

அன்றைக்கு அவரேதான் இன்னொன்றையும் சொன்னார். "எல்லாத் தடையையும் தாண்டிடுறேன். கடைசிச் சுவர் ஒண்ணுதான் யாராவது தூக்கி விடணும். ஆறு மாசமா அதுக்குத்தான் பயிற்சி. ஏழடி. ஓடி வந்து எகிறினா முழங்கை சரியா விளிம்புல மாட்டுது. அதுக்கு மேல ஒரு இன்ச் போனாலும் நம்மால ஆகாது. இந்த வாட்டி தனியா தாண்டணும்."

"மாமா கண்டிப்பா தாண்டுவாரு" என்றான் என் மகன்.

பிறகு சம்பந்தி என் பக்கம் திரும்பினார். "இந்த வருஷம் ஓட்டம் நடத்துற பசங்க சாரத்துக்கு ஆள் தேடுறாங்க. உங்க நம்பர் குடுத்திருக்கேன். உங்களவிட நல்லா யார் கட்டுவா?"

நல்லது செய்கிறவர் மேல் வயிறு எரிவது போல ஒரு கொடுமை கிடையாது. திட்டவும் முடியாது.

ஓட்டம் நடத்துகிற பிள்ளைகள் யார்டுக்கு வந்தார்கள். என்னை 'அங்கிள்' என்று கூப்பிட்டுப் படம் காட்டினார்கள். கம்பியில் தொங்கிப் போவது, வலை ஏறுவது, கயிறு, கடைசியில் ஏழடிச் சுவர். அவர்கள் போன பிறகு நான் இரண்டு காரியம் செய்தேன்.

முதலாவது, எங்கள் யார்டில் பில் போடுகிற பெண்ணைக் கூப்பிட்டு என் பெயரைப் பதிவு செய்யச் சொன்னேன். யாருக்கும் மூச்சு விடக் கூடாது என்றேன். அவள் போனைத் தட்டிக்கொண்டே, "சார், வயசு கேக்குது" என்றாள்.

"அறுபத்து நாலு. போடு."

"ஏதாவது ஆச்சுன்னா யாருக்குப் போன் பண்ணணும்னு கேக்குது."

நான் யோசித்தேன். மகனிடம் சொல்லாமல் போகிறேன், அவன் நம்பரை எப்படிக் கொடுப்பது? "நம்ம யார்டு மேஸ்திரி நம்பரக் குடு" என்றேன். சம்பந்தி அந்த இடத்தில் என் மகனின் நம்பரைத்தான் கொடுத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அது வேறு முள் மாதிரி குத்தியது.

அதிலிருந்து ஒரு மாதம், ஆட்கள் வேலைக்கு வரும் முன்பே யார்டுக்குப் போய் மணல் மூட்டை தூக்கினேன், குழாயில் தொங்கினேன். ஒரு நாள் மேஸ்திரி சீக்கிரம் வந்துவிட்டான். நான் குழாயில் தொங்குவதைப் பார்த்துப் பதறிப்போய், "மொதலாளி! யாரு ஏணிய எடுத்தது?" என்று கத்தினான்.

இரண்டாவது காரியத்தை எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

சுவர் கட்டுகிற அன்று நான் நேரில் போனேன். தேவனஹள்ளி போகிற வழியில் ஒரு தைலமரத் தோப்பு. குழாய்ச் சட்டம் நிறுத்தி, முகப்பில் பலகைகளைப் படுக்கைவசமாக ஒன்றன் மேல் ஒன்றாகப் போல்ட் போட்டு ஏற்றினார்கள். ஏழடி வந்ததும் மேஸ்திரி நிறுத்தினான்.

"இன்னும் ஒண்ணு போடு" என்றேன்.

"படத்துல ஏழடிதானே மொதலாளி?"

"மழ பெஞ்சா சட்டம் மண்ணுல இறங்கும். போடு, நான் சொல்றேன்."

ஒன்பது அங்குலப் பலகை. ஏழு அடி இப்போது ஏழே முக்கால் அடி ஆனது. யாரும் அளக்கவில்லை. என் வேலையை இந்த ஊரில் யாரும் அளந்து பார்ப்பதில்லை, அந்த நம்பிக்கையை நாற்பது வருடமாகச் சம்பாதித்து வைத்திருந்தேன். அதைத்தான் அன்றைக்குச் செலவழித்தேன்.

அதோடு விட்டேனா? சம்பந்தியைவிட நான் நான்கு விரல் குட்டை. நான் எப்படித் தாண்டுவது? மேஸ்திரி டீ குடிக்கப் போன நேரம், வலது ஓரத்தில், இடுப்புக்கு மேல் ஒரு போல்ட்டைக் கழற்றி, தலைப்பக்கம் உள்ளேயும் நீளமான முனை வெளியேயும் வருகிற மாதிரித் திருப்பி மாட்டினேன். இரண்டு அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கும். சாரக்காரன் காலுக்கு இரண்டு அங்குலம் போதும். அது எனக்கு மட்டும் தெரிந்த படி.

ஓட்டத்தன்று விடியும்போதே தோப்பு நிறைந்துவிட்டது. பாட்டு அலறியது. என் மகன் முதல் குழுவில் ஓடப் போய்விட்டான். வயதானவர்களுக்கென்று கடைசியாக ஒரு குழு. அதில் போய் நின்றேன். என் காலில் சைட்டில் போடுகிற இரும்பு முனை வைத்த ஷூ.

சம்பந்தி என்னைப் பார்த்தார். இரண்டு நொடி நம்பவில்லை.

"சம்பந்தி! நீங்களா?"

"ஏன், நான் ஓடக் கூடாதா?"

"இல்ல, இல்ல! மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஐயோ, சந்தோஷப்படுவார்" என்று சொல்லி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பொய்யாக இல்லை. எனக்கு இன்னும் எரிந்தது.

விசில் ஊதினார்கள். முதல் கால் மணி நேரம் என் நெஞ்சு அடித்த அடி எனக்கே கேட்டது. பிறகு சேற்றுக் குழி. இடுப்பு வரை குளிர்ந்த சேறு. எனக்கு முன்னால் இறங்கிய ஒருவர் ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய பதவியாம், பிறகுதான் தெரிந்தது. அப்போது அவர் குழந்தை மாதிரிக் கையை நீட்டிக்கொண்டு, "பிடிங்க, பிடிங்க" என்று கத்தினார். நான் பிடித்து இழுத்தேன். சேற்றில் முங்கி எழுந்தவர்களில் யார் வங்கிக்காரர், யார் கூலிக்காரர் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. யாரும் என்னிடம் எதுவரை படித்தீர்கள் என்று கேட்கவில்லை. இங்கிலீஷும் தேவைப்படவில்லை. "பேகா பேகா!" என்று கன்னடத்தில் ஒரு பெண் சீக்கிரம் போகச் சொல்லிக் கத்தினாள், "சூப்பர் அங்கிள்!" என்று இன்னொரு பையன். அவ்வளவுதான் அங்கே மொழி.

மணல் மூட்டை வந்தது. எல்லாரும் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துத் தூக்கித் திணறினார்கள். நான் ஒரே வீச்சில் பிடரியில் ஏற்றி, இரண்டு கையையும் தொங்கவிட்டு நடந்தேன். ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தவர்கள் கை தட்டினார்கள். என் வாழ்நாளில் எத்தனை ஆயிரம் மூட்டை சுமந்திருப்பேன்! மூட்டை சுமந்ததற்கு யாராவது கை தட்டி அன்றைக்குத்தான் கேட்டேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். உடம்பு பழைய வேலையை மறக்காமல் வைத்திருக்கிறது, கூப்பிட்டால் வருகிறது என்று தெரிவதில் ஒரு சுகம். இதற்காகத்தான் இவர்கள் காசு கொடுத்து வருகிறார்கள் என்று அப்போது எனக்குப் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே வளர்ந்தவர்களுக்கு இது புதுச் சுகம். எனக்கு, தொலைத்த இடத்திலேயே கிடைத்த சுகம்.

குழாயில் தொங்கிப் போகிற தடையில் என் குழாய்களையே பிடித்துப் போனேன். ஒவ்வொரு குழாயும் எந்த வருடம் வாங்கியது என்று கைக்குத் தெரிந்தது. நடுவில் ஒரு கிளாம்ப் லேசாக ஆடியது. ஓட்டத்தை மறந்து, ஒரு கையில் தொங்கிக்கொண்டே மேஸ்திரியைக் கூப்பிட்டு அதை முறுக்கச் சொன்னேன். ஓரத்தில் காவலுக்கு நின்ற அவன் ஸ்பேனரோடு ஓடி வந்தான். பின்னால் வந்த சம்பந்தி மூச்சு வாங்கச் சிரித்தார். "சம்பந்தி, இது ரேஸா, சைட்டா?"

அதுவரை அவரை நான் முன்னால் விடவில்லை. கடைசித் தடையான சுவருக்கு நான்தான் முதலில் வந்தேன்.

சுவர் முன்னால் ஒரு கூட்டமே நின்றது. முந்தைய குழுக்களில் பின்தங்கியவர்கள். ஒருவர் முட்டி மடித்து நிற்க இன்னொருவர் அதில் ஏற, மேலே இருந்து ஒரு கை இழுக்க, ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். "இந்த வருஷம் சுவர் என்னடா இவ்ளோ ஒசரம்" என்று யாரோ முனகினார்கள். நான் வலது ஓரத்துக்குப் போனேன். காலைத் தூக்கி, போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். கால் வழுக்கியது. கையால் தடவினேன். வழவழவென்று பலகை. போல்ட்டின் முனையைக் காணவில்லை. தட்டையான தலைதான் கைக்குத் தட்டுப்பட்டது.

யார் வேலை என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. முகப்புப் பக்கம் போல்ட் முனை நீட்டினால் ஆள் மேல் கிழிக்கும், அப்படி ஒன்றைப் பார்த்தால் அன்றைக்குக் கூலி கிடையாது என்று இருபது வருடமாக மேஸ்திரியைத் திட்டித் திட்டி வளர்த்தவன் நான். அவன் அதோ நின்று பெருமையோடு கத்தினான்.

"மொதலாளி, பயப்படாதீங்க! ஒரு போல்ட் நீட்டிட்டு இருந்துச்சு. நேத்தே திருப்பிப் போட்டுட்டேன். எந்த நாய் போட்டானோ தெரியல!"

சரி என்று கையைக் காட்டினேன்.

சம்பந்தி வந்து சேர்ந்தார். சுவரைப் பார்த்தார், பின்னால் போனார், ஓடி வந்து எகிறினார். விரல்தான் விளிம்பைத் தொட்டது, முழங்கை எட்டாமல் பலகையில் உரசிச் சரிந்தது. மறுபடி. மறுபடி. நான்காவது தடவை முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன். இதைத்தானே நான் பார்க்க ஆசைப்பட்டேன்? பார்த்தாகிவிட்டது. இனிக்கவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் முடிவுக் கோடு. என் மகனின் குரல் கேட்டது. "மாமா! ஜம்ப் மாமா! உங்களால முடியும் மாமா!" அவன் அப்பனும் இந்தப் பக்கம் நிற்கிறான் என்று அவனுக்குத் தெரியாது.

சம்பந்தி எழுந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, முட்டியை மடித்துத் தோளைத் தட்டிக் காட்டினார். "தனியா முடியல. பரவால்ல. நீங்க ஏறுங்க சம்பந்தி. என் தோள்ல கால வைங்க."

நான் ஒரு அடி பின்னால் போனேன். சம்பந்தி வீட்டுக்கு வந்தால் அவர் உட்காரும் வரை நான் உட்கார மாட்டேன். தெரியாமல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற உறவு அது. பெண்ணைக் கொடுத்தவர். அந்தத் தோளில் இரும்பு முனை ஷூவோடு, சேற்றோடு ஏறுவதா? ஏறலாம்தான், அங்கே எல்லாரும் எல்லார் மேலும் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் செய்ததைச் செய்துவிட்டு அந்தத் தோளில் காலை வைக்க என்னால் முடியவில்லை.

"சம்பந்தி, இந்தச் சுவர் ஏழடி இல்ல" என்றேன். "ஒரு பலகை கூடப் போட்டது நான்தான். நீங்க தாண்டக் கூடாதுன்னு போட்டேன்."

சுற்றி அத்தனை சத்தம். அவர் காதில் விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. விழுந்திருந்தது. முட்டியை மடித்தபடியே என்னை அண்ணாந்து பார்த்தார். பிறகு சுவரின் உச்சியைப் பார்த்தார். வங்கியில் கடன் கேட்டு வந்தவனின் காகிதத்தை இப்படித்தான் பார்த்திருப்பார் என்று தோன்றியது.

"ஏன்?" என்றார்.

"என் பையன் ஞாயித்துக்கெழமையெல்லாம் உங்க கூட வந்துட்டான்."

அறுபத்து நாலு வயதில், சேற்றில் நனைந்து, வேறு ஒரு காரணமும் சொல்லத் தெரியாமல் நின்றேன். அவர் சுவரிலிருந்து முதுகை எடுத்தார். பிறகு நிமிர்ந்து நின்று, முகத்தில் வழிந்த சேற்றைத் துடைத்தார்.

"அப்படின்னா நீங்க குனிங்க. நான் ஏறறேன்."

சிரிக்கவில்லை அவர். கோபமாகத்தான் சொன்னார். மூன்று வருடத்தில் அவர் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். அது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான் சுவரில் கை ஊன்றிக் குனிந்தேன். அவர் என் தோளில் ஏறினார். மெத்தென்ற ஷூதான், ஆனாலும் வேண்டுமென்றே அழுத்தி மிதித்தார் என்று இன்றும் நம்புகிறேன். நான் சாரக்காரன், தோளில் ஆளை நிறுத்தி நிமிர்வது எனக்குப் பழக்கம். மெல்ல நிமிர்ந்தேன். எடை குறைந்தது. அவர் மேலே ஏறி, குதிரையில் உட்கார்கிற மாதிரிச் சுவர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பக்கம் என் மகன் "மாமாஆஆ!" என்று கூவினான்.

அவர் அப்படியே அந்தப் பக்கம் குதித்துப் போயிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் போயிருப்பேன், சத்தியமாகச் சொல்கிறேன். அவர் திரும்பிக் கையை நீட்டினார். காப்புக் காய்த்த கை. பக்கத்தில் நின்ற ஒரு பெண், என் மருமகள் வயதுதான் இருக்கும், கேட்காமலேயே முட்டியை மடித்து, "ஏறுங்க அங்கிள், யோசிக்காதீங்க" என்றாள். யோசிக்காமல் ஏறினேன். இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளினார். சம்பந்தி இழுத்தார். என் தலை சுவருக்கு மேல் எழும்பியது.

கீழே என் மகன் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். போன் மெல்ல இறங்கியது.

"அப்பா?" என்றான். பிறகு தோப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி, "அப்பாஆஆ!" என்று கத்தினான்.

அவன் ஐந்து வயதில் ஒருமுறை சிவாஜிநகர்க் கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டு, பிறகு என்னைக் கண்டபோது இப்படிக் கத்தினான். நடுவில் வேறு எப்போதும் இல்லை. பிறகு என் கழுத்தில் மாட்டிய மெடலை நான் பெரிதாக நினைக்கவில்லை. தகரம்தான், என்ன கலவை என்று இரும்புக்காரனுக்குத் தெரியாதா? அந்தக் கத்தல்தான் நான் வீட்டுக்குக் கொண்டுபோனது.

இப்போது ஞாயிறு காலை மூன்று பேரும் ஏரிக்குப் போகிறோம். மகன் நடுவில் நடக்கிறான். பிறகு மூன்று பேருமே சிவாஜிநகர். கறிக்கடையில் சம்பந்திக்கு ஒன்றும் தெரியாது, தொடைக்கும் முன்சப்பைக்கும் வித்தியாசம் கேட்கிறார். கடைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். அங்கே நான்தான் ராஜா. ஆனாலும் திரும்பி வரும்போது காரில் முன் சீட்டில், மகன் பக்கத்தில், யார் உட்கார்வது என்று நான் இன்றைக்கும் கணக்காகத்தான் நடக்கிறேன்.

பலகை விஷயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. என் மகனிடம், தன் மகளிடம், ஒருவரிடமும் இல்லை. ஒரு வருடமாகக் காத்திருந்து பார்த்துவிட்டேன். நானாக இருந்தால் ஒரு வாரம் தாங்கியிருக்க மாட்டேன். முன்பு அவருடைய வயிற்றையும் இங்கிலீஷையும் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இப்போது அந்த வாயை மூடிக்கொண்டிருக்கிற திறமையைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன். முன்னது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

போன வாரம் ஓட்டக்காரப் பிள்ளைகள் மறுபடி படத்தோடு வந்தார்கள். அதே ஏழடிச் சுவர். அன்று மாலை சம்பந்தி போன் செய்தார்.

"சம்பந்தி, இந்த வாட்டியும் அந்த ஒரு பலகைய சேத்தே போடுங்க. அந்தப் பசங்ககிட்டயும் சொல்லிட்டேன், ஒத்துக்கிட்டாங்க."

"ஏன்? ஏழடின்னா தனியா தாண்டிடுவீங்களே."

"தாண்டிடுவேன். தாண்டி அந்தப் பக்கம் போய்த் தனியா நின்னு என்ன பண்றது?"

நான் போனை வைத்துவிட்டு நெடுநேரம் யார்டில் உட்கார்ந்திருந்தேன். சுவர் கட்டியவன் நான். பலகை போட்டவன் நான். தோள் கொடுத்தவன் நான். அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டியவனும் நான்தான். அதிலும் அந்த மனிதர் முந்திவிட்டார்.